கட்டளை வரியின் இலக்கணம்

லினக்ஸ் இயங்குதளத்தைத் தம் கணினியில் புதிதாக நிறுவிக்கொண்டவர்களில் பலர், படங்களும் பட்டியல்களும் நிறைந்த அதன் திரையில் சில நாட்கள் சிரமமின்றிப் பழகிவிட்டு, ஏதோ ஒரு காரியத்தின் நிமித்தம் டெர்மினல் எனப்படும் முனையத்தைத் திறக்க நேரும்போது, வெறும் பரப்பில் ஒரு சிறு குறியும் அதனருகே மின்னிக்கொண்டிருக்கும் ஒரு கோடும் தவிர வேறொன்றும் இல்லாததைக் கண்டு திகைத்துப்போகிறார்கள். என்ன செய்யலாம் என்பதைத் திரையே எடுத்துக்காட்டும் பழக்கத்திற்கு வசப்பட்டவர்களுக்கு, என்ன வேண்டும் என்பதை நாமே எழுதிக் கேட்க வேண்டிய இந்த ஏற்பாடு அச்சம் தருவது இயற்கையே. ஆயிரக்கணக்கான கட்டளைகளை உருப்போட்டால்தான் இதனைக் கையாள முடியும் என்ற எண்ணமே அந்த அச்சத்தின் வேர். உண்மை அதுவன்று. அன்றாடத் தேவைக்கு இருபது கட்டளைகள் போதும். அவற்றை ஒன்றோடொன்று சேர்க்கும் விதிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒரு பாஷையைக் கற்பவன் அதன் வாக்கியங்களையெல்லாம் மனப்பாடம் செய்வதில்லை. சில சொற்களையும் அவை புணரும் முறையையும் அறிந்துகொண்டு, முன்பு எவரும் சொல்லாத வாக்கியங்களையும் தானே சொல்லத் துணிகிறான். கட்டளை வரியும் அத்தகைய ஒரு பாஷையே. அதன் இலக்கணத்தை அறிந்தவர்க்கு உருப்போடும் வேலை பெரும்பாலும் நீங்கிவிடும்.

இந்தப் பாஷை பிறந்த இடத்தையும் சூழ்நிலையையும் அறிந்தால் அதன் சுபாவம் எளிதில் விளங்கும். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆராய்ச்சிக்கூடம், வேறு இரண்டு ஸ்தாபனங்களோடு கூடி நடத்திவந்த மல்டிக்ஸ் என்ற இயங்குதளப் பெருந்திட்டத்திலிருந்து 1969-இல் விலகிக்கொண்டது. அத்திட்டத்தில் உழைத்துவந்த கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும், அதில் கண்ட நல்ல கருத்துகளைக் கைவிட மனமில்லாமல், பிடிபி-7 என்னும் சிறிய கணினி ஒன்றில் தாமே ஓர் இயங்குதளத்தை அமைக்கத் தொடங்கினார்கள். அதுவே யூனிக்ஸ். அக்காலத்தில் அவர்கள் முன்னே இருந்தது இன்றைய ஒளித்திரையன்று. நொடிக்குப் பத்து எழுத்து வீதம் காகிதத்தில் அடித்துக்காட்டும் டெலிடைப் யந்திரமே. ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தித் தட்டுவதற்குக் கைக்கு உழைப்பும், அச்சாகி வருவதற்குக் காலமும் செலவான அந்த நிலையில், கட்டளைகளின் பெயர்கள் இரண்டு மூன்று எழுத்துகளாகக் குறுகியதும், காரியம் செவ்வனே முடிந்தால் ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் தவறு நேர்ந்தால் மட்டுமே பேசுவதும் சம்பிரதாயமாக நிலைத்ததும் ஆச்சரியமன்று. கட்டளை இட்ட பிறகு திரை மௌனமாக இருந்தால், வேலை நல்லபடியாக முடிந்தது என்று பொருள் கொள்ளவேண்டும்.

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3-ஆம் தேதி வெளிவந்தது. இன்று நாம் உபயோகிக்கும் எல்எஸ், கேட், சிபி, எம்வி, ஆர்எம், சிமோட், டபிள்யூசி ஆகிய கட்டளைகள் அந்தக் கையேட்டிலேயே இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் யூனிக்ஸ், அதனை உருவாக்கிய கம்பெனியின் உடைமையாகவே இருந்தது. அதைப் போன்றே இயங்குவதும், எவரும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ளதுமான ஓர் இயங்குதளத்தைச் சிருஷ்டிக்கப்போவதாக 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்து, குனூ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். கட்டளைகள் ஒவ்வொன்றாகப் புதிதாக எழுதப்பட்டன. கருவாக இருந்து வன்பொருளை ஆளும் கர்னல் என்ற பகுதி மட்டும் குறையாக இருந்தபோது, 1991-இல் ஹெல்சிங்கி சர்வகலாசாலையின் மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய கர்னலை வெளியிட்டு, மறு ஆண்டில் அதனைக் குனூவின் பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இவ்விரண்டும் கூடியதே இன்று நாம் லினக்ஸ் என்று வழங்கும் இயங்குதளம்.

முனையத்தில் நாம் எழுதும் வரியை நேரே வாங்கிக்கொள்வது கர்னல் அன்று. ஷெல் என்னும் வேறொரு நிரலே. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் 1989-இல் வெளியான பாஷ் என்னும் ஷெல் இருக்கிறது. அது நம் வரியை இடைவெளி விட்ட இடங்களில் சொற்களாகப் பிரித்து, முதற்சொல்லின் பெயருள்ள நிரலைக் குறிப்பிட்ட சில இடங்களில் தேடி எடுத்து, மற்றச் சொற்களை அந்நிரலிடம் ஒப்படைத்து இயக்குமாறு கர்னலைக் கேட்டுக்கொண்டு, அது முடியும்வரை காத்திருந்து, மறுபடியும் தன் குறியைக் காட்டி அடுத்த கட்டளைக்கு ஆயத்தமாகிறது. ஆகவே ஒரு கட்டளைக்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலில் வருவது வினை. அடுத்து, சிறு கோட்டோடு தொடங்கி அவ்வினை நடக்கவேண்டிய விதத்தைச் சொல்வது அடை. இறுதியில் வருவது, எதன்மேல் அவ்வினை நிகழவேண்டுமோ அந்தச் செயப்படுபொருள். வினை இல்லாமல் கட்டளை இல்லை. மற்ற இரண்டும் தேவைக்கேற்ப வரலாம், வராமலும் இருக்கலாம். சொற்களுக்கு இடையே இடைவெளி தவறாமல் இருக்கவேண்டும் என்பதும், ஆங்கிலச் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் இங்கே வேறு வேறாகக் கருதப்படும் என்பதும் நினைவில் வைக்கவேண்டிய இரண்டு விதிகள்.

இனி, அந்த வினைகள் நிகழும் களத்தைப் பார்ப்போம். லினக்ஸில் எல்லாக் கோப்புகளும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்து செல்லும், டைரக்டரி எனப்படும் அடைவுகளுக்குள் அமைந்திருக்கின்றன. அந்த மூலத்தின் பெயர் ஒரு சாய்கோடு மட்டுமே. இரண்டு வட்டுகள் இருந்தாலும் நான்கு இருந்தாலும், அவை இந்த ஒரே அமைப்பின் கிளைகளில் எங்கேனும் இணைக்கப்படுமேயன்றித் தனித்தனி உலகங்களாக நிற்பதில்லை. நாம் எந்நேரமும் இவ்வமைப்பின் ஏதோ ஓர் அடைவில் நின்றுகொண்டிருக்கிறோம். பி, டபிள்யூ, டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டினால் நாம் நிற்கும் இடத்தின் முழு விலாசமும் கிடைக்கும். எல், எஸ் என்று தட்டினால் அங்கே என்னென்ன உள்ளன என்ற பட்டியல் வரும். எல் என்ற அடையைச் சேர்த்தால், ஒவ்வொரு கோப்பின் அளவும் உரிமையாளரும் கடைசியாக மாறிய தேதியும் விரிவாகத் தெரியும். ஏ என்ற அடையைச் சேர்த்தால், பெயரின் முதலில் புள்ளி இருப்பதால் மறைவாக வைக்கப்பட்ட கோப்புகளும் வெளிப்படும். சி, டி என்று எழுதி ஓர் அடைவின் பெயரைக் கொடுத்தால் அதனுள் செல்லலாம். பெயருக்குப் பதிலாக இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே வரலாம். ஒன்றும் கொடாமல் விட்டால் நம் சொந்த அடைவுக்கே திரும்பிவிடலாம். இந்தச் சிடி மட்டும் தனி நிரலாக இராமல் ஷெல்லின் அங்கமாகவே அமைந்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நிற்கும் இடம் என்பது ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியே உரியது. சிடி தனி நிரலாக இருந்திருந்தால், அது தன் இடத்தை மாற்றிக்கொண்டு மறைந்துபோயிருக்கும். ஷெல்லோ நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

அடைவு என்பதன் உண்மையான தன்மையை அறிந்துகொண்டால், நகல் எடுக்கும் சிபி, இடமும் பெயரும் மாற்றும் எம்வி, நீக்கும் ஆர்எம் ஆகிய மூன்றும் தாமே விளங்கும். அடைவுக்குள் கோப்புகள் இருக்கின்றன என்று பேச்சு வழக்கில் சொல்கிறோமாயினும், அங்கே இருப்பவை பெயர்களும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எண்ணும் மட்டுமே. ஐநோட் எனப்படும் அந்த எண்ணுக்குரிய பதிவில்தான் கோப்பின் அளவு, உரிமையாளர், வட்டில் அதன் உள்ளடக்கம் கிடக்கும் இடம் முதலிய விவரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகையால் ஒரே வட்டுப் பிரிவுக்குள் ஒரு பெரிய திரைப்படக் கோப்பை எம்வி கட்டளையால் வேறு அடைவுக்கு மாற்றும்போது, உள்ளடக்கம் அணுவளவும் அசைவதில்லை. ஒரு பட்டியலில் பெயர் அழிந்து மற்றொன்றில் எழுதப்படுகிறது, அவ்வளவே. எனவே கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. வேறு வட்டுக்கு மாற்றும்போதோ, உள்ளடக்கம் முழுவதும் நகலெடுக்கப்பட்டு மூலம் நீக்கப்படுவதால் நேரமாகிறது. ஆர்எம் செய்வதும் ஒரு பெயரை அழிப்பதே. கடைசிப் பெயரும் அழிந்து, எந்த நிரலும் அக்கோப்பைத் திறந்து வைத்திராத நிலையில், அதன் இடம் வேறு உபயோகத்திற்கு விடப்படுகிறது. இடையில் குப்பைத்தொட்டி என்பது இல்லை. அழித்ததை மீட்கும் கட்டளையும் இல்லை.

இங்கே ஓர் அபாயத்தை வற்புறுத்திச் சொல்லவேண்டியது அவசியம். நட்சத்திரக் குறி, எந்தப் பெயரோடும் பொருந்தும் பொதுக்குறியாக ஷெல்லில் பயன்படுகிறது. அதனைப் பெயர்களாக விரித்துக் கொடுப்பது ஷெல்லே; அவ்விரிவு முடிந்த பிறகே ஆர்எம் தன் வேலையைத் தொடங்குகிறது. குறிப்பிட்ட ஒரு வகைக் கோப்புகளை மட்டும் அழிக்க எண்ணி, நட்சத்திரத்திற்கும் அதை அடுத்த எழுத்துகளுக்கும் நடுவே தவறி ஓர் இடைவெளி விட்டுவிட்டால், நட்சத்திரம் தனிச் சொல்லாகி, அடைவிலுள்ள கோப்புகளில் மறைவானவை நீங்கலாக மற்றெல்லாவற்றின் பெயர்களாகவும் விரிந்துவிடும். ஆர்எம் நாம் எண்ணியதை அறியாது, எழுதியதையே செய்யும். ஆதலால் நட்சத்திரத்தோடு எதையும் நீக்குவதற்குமுன், வினையின் இடத்தில் எல்எஸ் என்று எழுதி எந்தெந்தப் பெயர்கள் வருகின்றன என்று பார்த்துக்கொள்வதும், ஐ என்ற அடையைச் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கச் செய்வதும் புத்திசாலித்தனம்.

யூனிக்ஸ் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்ட காலத்தில் தோன்றியதால், யாருக்கு எந்த அதிகாரம் என்பது அதன் அஸ்திவாரத்திலேயே வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழுவினர், மற்றையோர் என்று மூன்று வகுப்பினர். ஒவ்வொரு வகுப்புக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்று மூன்று அனுமதிகள். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று மதிப்பிட்டுக் கூட்டினால், ஒரு வகுப்பின் நிலை ஒரே இலக்கத்தில் அடங்கிவிடும். சிமோட் கட்டளைக்கு 644 என்று கொடுத்தால், உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், மற்றவர்கள் படிக்க மட்டுமே செய்யலாம். 755 என்றால், உரிமையாளருக்கு மூன்றும், மற்றவர்களுக்குப் படித்தலும் இயக்குதலும் உண்டு. ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பின் அனுமதியைப் பொறுத்ததன்று, அது இருக்கும் அடைவில் எழுதும் அனுமதியைப் பொறுத்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அழித்தல் என்பது அடைவின் பட்டியலில் ஒரு பெயரை நீக்குவதே என்று மேலே கண்டோமாதலால், இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இவ்வனுமதிகளுக்கெல்லாம் மேற்பட்ட சர்வாதிகாரம் ரூட் என்னும் ஒருவருக்கு உண்டு. சுடோ என்ற சொல்லை முன்னே வைத்துக் கட்டளையிட்டால், கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு, அந்த ஒரு காரியத்திற்கு மட்டும் அவ்வதிகாரத்தை நமக்கு அளிக்கிறது. கடவுச்சொல்லைத் தட்டும்போது பெரும்பாலும் திரையில் ஒன்றும் தோன்றாதிருப்பது பாதுகாப்புக்காகவே. புதிய மென்பொருளை நிறுவுதல் போன்ற காரியங்களுக்கு இவ்வதிகாரம் தேவை. தேவையில்லாத இடத்தில் இதனைப் பிரயோகிப்பது கூடாது.

இதுவரை சொன்னவை தனிச்சொற்கள். இவற்றைச் சேர்த்து வாக்கியமாக்குவதில்தான் இந்தப் பாஷையின் மேன்மை விளங்குகிறது. பெல் ஆராய்ச்சிக்கூடத்தின் டக்ளஸ் மெக்கில்ராய், நிரல்களைத் தோட்டத்து நீர்க்குழாய்களைப் போல ஒன்றோடொன்று திருகி இணைக்க வழி வேண்டும் என்று 1964-லேயே ஒரு குறிப்பு எழுதினார். அவருடைய இடையறாத வற்புறுத்தலின் பயனாக, 1973-இல் கென் தாம்ஸன் அந்த இணைப்பை யூனிக்ஸில் அமைத்துத் தந்தார். ஒரு செங்குத்துக் கோட்டின் இடப்புறத்தில் ஒரு கட்டளையும் வலப்புறத்தில் இன்னொன்றும் எழுதினால், முன்னது வெளியிடுவதைப் பின்னது தன் உள்ளீடாகப் பெற்றுக்கொள்கிறது. முன்னது முடிந்த பின்பே பின்னது தொடங்கும் என்று எண்ணவேண்டாம்; இரண்டும் ஒரே காலத்தில் இயங்குகின்றன. நடுவே கர்னல் வைத்திருக்கும் சிறு தொட்டி நிறைந்தால் முன்னது சற்றுப் பொறுக்கிறது. வெறுமையானால் பின்னது பொறுக்கிறது. லினக்ஸில் அந்தத் தொட்டியின் கொள்ளளவு வழக்கமாக 65,536 பைட்டுகளே. ஆகவே நினைவகத்தைவிடப் பன்மடங்கு பெரிய கோப்பையும் இக்குழாய்த் தொடரின் வழியே சிறிது சிறிதாகச் செலுத்திவிட முடிகிறது.

இதன் ஆற்றலுக்குப் பிரசித்தமான ஓர் உதாரணம் உண்டு. ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிடும் நிரலை எழுதித் தருமாறு, 1986-இல் ஜான் பென்ட்லி ஒரு சஞ்சிகையில் தாம் எழுதிவந்த பகுதிக்காகப் பேராசிரியர் டொனால்ட் நூத்தைக் கேட்டார். அவர் நுட்பமான அமைப்போடு கூடிய நீண்ட நிரல் ஒன்றை எழுதி அளித்தார். அதனை மதிப்பிட வந்த மெக்கில்ராய், அதன் கைத்திறனைப் பாராட்டிவிட்டு, அதே காரியத்தை ஆறு கட்டளைகளைக் குழாயால் இணைத்துச் செய்து காட்டினார். சொற்களை வரிக்கொன்றாகப் பிரித்தல், பேரெழுத்துகளைச் சிற்றெழுத்துகளாக மாற்றுதல், அகராதி வரிசையில் அடுக்குதல், அடுத்தடுத்து வரும் ஒரே சொற்களை ஒன்றாக்கி எண்ணுதல், எண்ணிக்கையின் இறங்குவரிசையில் மறுபடி அடுக்குதல், மேலேயுள்ள சிலவற்றை மட்டும் காட்டி நிறுத்துதல் என்ற ஆறும் அவற்றின் தொழில்கள். அவற்றில் ஒன்றேனும் இந்தக் காரியத்திற்கென்று எழுதப்பட்டதன்று.

தமிழ் நூலுக்கும் இது பொருந்தும். டிஆர் கட்டளையால் இடைவெளிகளை வரிமுடிவுகளாக மாற்றி, சார்ட், யூனிக், மீண்டும் சார்ட், பிறகு ஹெட் என்று தொடுத்தால், ஒரு தமிழ்க் கோப்பில் மிகுந்து வரும் சொற்களின் பட்டியல் சில நொடிகளில் வந்துவிடும். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் ஒட்டிய சொற்கள் தனிச்சொற்களாக எண்ணப்படும் குறையை மட்டும் முன்பே நீக்கிக்கொள்ளவேண்டும். ஆங்கில எழுத்துகளையே மனத்திற்கொண்டு 1970-களில் பிறந்த இச்சாதனங்கள் தமிழுக்கு உதவுவதெப்படி என்பது கேட்கத்தக்க கேள்வி. அதற்கு விடை, அதே கென் தாம்ஸன் 1992 செப்டம்பரில் ராப் பைக்குடன் சேர்ந்து வகுத்த யூடிஎஃப்-8 என்னும் குறிமுறையில் இருக்கிறது. அம்முறையில் பழைய ஆங்கில எழுத்துகளுக்கும் இடைவெளி முதலிய குறிகளுக்கும் முன்போலவே ஒரே பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். அந்த மூன்றில் எதுவும் ஆங்கிலக் குறி ஒன்றின் பைட்டாக ஒருபோதும் தோற்றமளிக்காது. ஆகையால், தமிழை அறியாத ஒரு பழைய நிரலும் இடைவெளியைத் தேடி வரியைப் பிரிக்கும்போது தமிழ் எழுத்தின் நடுவே வெட்டிவிடுவதில்லை. அம்மா என்ற சொல்லை வரிமுடிவுக் குறியின்றி டபிள்யூசி கட்டளையிடம் கொடுத்து, பைட்டுகளை எண்ணச் சொன்னால் 15 என்றும், குறிகளை எண்ணச் சொன்னால் 5 என்றும் விடை தரும். நாமோ அதில் மூன்றெழுத்தையே காண்கிறோம். மகரத்தையும், புள்ளியையும், காலையும் தனித்தனிக் குறிகளாகக் கணினி வைத்திருப்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். தமிழ்க் கணினியியலில் ஈடுபட விரும்பும் மாணவனுக்கு இந்த ஒரு சிறு சோதனை பல பாடங்களைப் போதிக்கும்.

எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை எப்போதும் கேட்டறிய மேன் என்ற கட்டளை இருக்கிறது. அதற்குப் பின்னே எந்தக் கட்டளையின் பெயரை எழுதினாலும், அதன் வடிவமும் அடைகளும் அடங்கிய கையேட்டுப் பக்கம் திறக்கும். கியூ என்ற எழுத்தைத் தட்டினால் மூடும். பெயரின் முதல் சில எழுத்துகளை எழுதி டேப் விசையை அழுத்தினால் மீதியை ஷெல்லே நிரப்பித் தரும். மேல்நோக்கிய அம்புக்குறி, முன்பு இட்ட கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும். நிற்காமல் ஓடும் நிரலைக் கண்ட்ரோல் விசையோடு சி எழுத்தை அழுத்தி நிறுத்தலாம். கோப்புகளுக்குள் ஒரு சொல்லைத் தேடக் கிரெப்பும், கோப்புகளையே தேட ஃபைண்டும், நீண்ட கோப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்க லெஸ்ஸும் உதவும். வலப்புறம் நோக்கிய கூர்க்குறி ஒன்றை இட்டால், ஒரு கட்டளையின் விளைவு திரைக்கு வராமல் கோப்பில் எழுதப்படும். ஆனால் அக்கோப்பில் முன்பிருந்தது அழிந்துவிடும். அழியாமல் இறுதியில் சேரவேண்டுமானால் கூர்க்குறியை இரண்டு முறை இடவேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, சுட்டியால் தொட்டே எல்லாம் செய்யலாமே என்று கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டியது இதுதான். படத்திரை தரும் சௌகரியம் மெய்யானது. ஆனால் அதில் முன்கூட்டி அமைத்து வைத்த காரியங்களை மட்டுமே செய்ய முடியும். எழுத்தில் இட்ட கட்டளையைச் சேமித்து வைக்கலாம், பிறருக்கு அனுப்பலாம், நாளை ஆயிரம் கோப்புகளின்மேல் ஒரே தடவையில் பிரயோகிக்கலாம், கண்டம் கடந்த இடத்திலுள்ள கணினிக்கும் அனுப்பி வேலை வாங்கலாம். உலகின் மிக வலிய 500 கணினிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் ஒன்றுவிடாமல் எல்லாமே லினக்ஸில் இயங்குகின்றன. அவற்றின் முன் அமரும் விஞ்ஞானிகள் உபயோகிக்கும் எல்எஸ்ஸும் சிடியும், நம் வீட்டுக் கணினியில் நாம் உபயோகிக்கும் அவையே. அவற்றின் மூலநிரலைப் படித்துப் பார்க்கும் உரிமையும் நம் எல்லோருக்கும் உண்டு.

ஆகவே, டெபியன், உபுண்டு, சென்னையிலுள்ள சிடாக் ஸ்தாபனம் உருவாக்கிவரும் பாஸ் லினக்ஸ் முதலியவற்றுள் எதையேனும் நிறுவிக்கொண்டு, பயிற்சிக்கென்று எம்கேடைர் கட்டளையால் தனியே ஓர் அடைவை அமைத்து, இழந்தாலும் வருத்தமில்லாத கோப்புகளை அதில் இட்டு, மேற்கூறிய வினைகளை நிதானமாகப் பழகுங்கள். பிறர் எழுதித் தந்த கட்டளையைப் பொருள் அறியாமல் ஒருபோதும் ஒட்டி இயக்காதீர்கள். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் மேன் கட்டளையிடம் கேட்டறிந்த பிறகே என்டர் விசையை அழுத்துங்கள். அரைநூற்றாண்டுக்கு முன் வகுக்கப்பட்ட இச்சொற்கள் இன்றும் மாறாமல் வழங்குகின்றன. எனவே இவற்றைக் கற்பதில் செலவிடும் காலம் வீண்போவதில்லை.